புறநகர்க் குடியிருப்புகளில் மரம் காத்தலும் மரம் பேணுதலும்: மலேசிய, சிங்கப்பூர் நடைமுறைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழர்களுள் பெரும்பாலோர் இன்று நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த புறநகர்க் குடியிருப்புகளிலும் வாழ்கின்றனர். இரண்டு தலைமுறைகளுக்கு முன்னர் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த நிலங்கள் பல, இன்று தாமான்களாகவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் மாறியுள்ளன. மரங்களுக்கிடையே வீடுகள் இருந்த நிலை மாறி, வீடுகளுக்கிடையே மரங்கள் நிற்கும் நிலை ஏற்பட்டுள்ளது. சிங்கப்பூரின் நிலை சற்று வேறுபட்டது எனினும், குடியிருப்பும் மரமும் ஒரே சிறு நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய தேவை அங்கும் உள்ளது.

குடியிருப்பு மரங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு வேளைகளில்தான் எழுகிறது. ஒன்று, மரத்தை வெட்டுவதற்கு ஆட்கள் வந்து நிற்கும் வேளை. மற்றொன்று, புயற்காற்றில் மரம் சாய்ந்து உயிருக்கோ உடைமைக்கோ இழப்பு நேரும் வேளை. முதல் வேளையில் மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்னும் குரலும், இரண்டாம் வேளையில் மரத்தை அகற்ற வேண்டும் என்னும் குரலும் ஒரே குடியிருப்பிலிருந்து எழுவதைக் காணலாம். இவ்விரு வேளைகளுக்கும் இடைப்பட்ட நீண்ட காலத்தில் அம்மரத்திற்கு என்ன செய்யப்பட்டது, அதனைச் செய்தவர் யார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

இக்கட்டுரை அவ்வினாக்களை மையமாகக் கொண்டது. மரத்தை வெட்டாமல் தடுப்பதைக் 'காத்தல்' என்றும், மரம் நலமாகவும் பிறர்க்கு ஊறின்றியும் வாழ்வதற்கு ஆண்டுதோறும் செய்யப்படும் பணிகளைப் 'பேணுதல்' என்றும் இங்குப் பிரித்து வழங்கலாம். பேணப்படாத மரத்தைச் சட்டத்தால் நெடுநாள் காக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

தமிழ் மரபில் இருவகை உறவு

இப்பாகுபாடு தமிழ் மரபுக்குப் புதியதன்று. சங்க காலத்து வேந்தர்கள் தமக்குரிய காவல் மரத்தைப் படைவைத்துக் காத்தனர் என்பதையும், பகைவேந்தர் அதனை வெட்டி வீழ்த்துவதைத் தம் வெற்றியாகக் கருதினர் என்பதையும் புறப்பாடல்கள் வழி அறிகிறோம். அங்கே மரம் அரசின் உரிமைப்பொருள். அதனைக் காத்தல் என்பது பிறர் கை அதன்மேல் படாமல் தடுத்தலாகும்.

அகப்பாடல்களில் வேறொரு வகை உறவைக் காண்கிறோம். நற்றிணையின் 172ஆம் பாடலில், தோழியரோடு விளையாடும்போது மணலில் அழுத்தி மறந்துவிட்ட விதை முளைத்துப் புன்னையாகிறது. பாலும் நெய்யும் வார்த்து வளர்க்கப்பட்ட அம்மரத்தைத் தலைவிக்குத் தங்கை என்றே தாய் சுட்டுகிறாள். இங்கு மரத்தைப் பகைவரிடமிருந்து காக்கும் நிலை இல்லை. நாள்தோறும் ஊட்டி வளர்க்கும் பேணல் உள்ளது. புறத்திற்குரிய காவலும் அகத்திற்குரிய பேணலும் இணைந்தால்தான் மரத்தோடு மனிதர் கொள்ளும் உறவு முழுமை பெறும் எனலாம்.

இவற்றோடு தொல்காப்பிய மரபியல் தரும் ஒரு பகுப்பும் இங்கு எண்ணத்தக்கது. வெளிப்புறத்தில் வைரம் உடையனவற்றைப் புறக்காழ் என்று கொண்டு புல்லினத்திலும், உள்ளே வைரம் உடையனவற்றை அகக்காழ் என்று கொண்டு மர இனத்திலும் அந்நூல் அடக்குகிறது. தென்னையும் பனையும் முதல் வகையின. வேங்கையும் புளியும் இரண்டாம் வகையின. இப்பகுப்பு இன்றைய மரப் பராமரிப்புக்கும் பயன்படும் என்பது பின்னர் விளக்கப்படும்.

புறநகரில் மரம் நிற்கும் இடம்

காட்டில் வளரும் மரத்திற்கும் குடியிருப்பில் வளரும் மரத்திற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. காட்டு மரத்தின் வேர், இலை மக்கிய இளகிய மண்ணில் தடையின்றிப் படர்கிறது. குடியிருப்பு மரமோ, பொறிகளால் இறுக்கப்பட்ட மண்ணில், சாலைக்கும் சாக்கடைக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய பட்டையில் நிற்கிறது. அதன் தலைக்கு மேல் மின்கம்பி. காலடியில் குடிநீர்க் குழாயும் தொலைபேசிக் கம்பியும் உள்ளன.

பெரிய மரத்தின் வேர் அதன் உயரத்திற்கு ஏற்ப ஆழமாக இறங்கியிருக்கும் என்பது பலரின் எண்ணம். பெரும்பாலான மரங்களுக்கு இது பொருந்துவதில்லை. வேர்த்தொகுதியின் பெரும்பகுதி மண்ணின் மேலடுக்கில், ஏறத்தாழ முதல் 1 மீட்டருக்குள், பக்கவாட்டில் பரவியுள்ளது. கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டி அது செல்வதுண்டு. வேருக்கு நீரைப் போலவே காற்றும் தேவை என்பதே இதற்குக் காரணமாகும். எனவே, சாக்கடையைச் சீரமைக்கவோ வீட்டு முன்றிலுக்குச் சிமெண்டு போடவோ மண்ணை அரை மீட்டர் தோண்டினாலும், மரத்தைத் தாங்கி நிற்கும் வேர்கள் அறுபட வாய்ப்புண்டு. அவ்வாறு அறுபட்ட மரம் உடனே வீழ்வதில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு மழைநாளில் அது சாயும்போது, அதன் காரணமாக இருந்த தோண்டுதலை எவரும் நினைவுகூர்வதில்லை.

எந்த மரத்தை நடுவது என்பதும் நெடுங்கால விளைவுகளை உடைய முடிவாகும். நம் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியைச் சேர்ந்தது; 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வட்டாரத்திற்குக் கொண்டுவரப்பட்டது. மாலையில் இலை மடங்கும் இயல்பால் மலாய் மொழியில் இதனை 'ஐந்து மணி' என்று பொருள்படும் பெயராலும் வழங்குவர். குடைபோல் விரியும் இதன் நிழல் அகலச் சாலைக்கு ஏற்றது. 20 அடி முன்றில் உடைய தொடர்வீட்டுக்கு ஏற்றதன்று.

அங்சானா மரத்தின் வரலாறு மற்றொரு பாடத்தைத் தருகிறது. குறிஞ்சி நிலத்து வேங்கையின் பேரினத்தைச் சேர்ந்த இம்மரம், வேங்கையைப் போலவே மஞ்சள் மலர்களைச் சொரிவது. பெரிய கிளைகளை வெட்டி ஊன்றினாலே வேர்விடும் இயல்பினால், 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் சிங்கப்பூரில் விரைந்து நிழல் தரும் மரமாக இது பேரளவில் நடப்பட்டது. 1980களில் பூஞ்சையால் உண்டாகும் வாடல் நோய் பரவி, பல மரங்கள் மடிந்தன. ஒரே இனத்தை வரிசையாக நட்ட இடங்களில் நோய் ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்கு எளிதில் செல்லும். ஒரு தாமானின் எல்லாச் சாலைகளிலும் ஒரே மரத்தை நடுவது பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றினும், அம்மரங்கள் அனைத்தும் ஒரே காலத்தில் மூப்படைந்து ஒரே காலத்தில் இடர் தருவனவாக மாறும் என்பதையும் இங்குக் கருத வேண்டும்.

சட்டம் தரும் காவல்

தீபகற்ப மலேசியாவில் மரக் காவலுக்கு அடிப்படையாக இருப்பது 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் ஆகும். இது 172ஆம் சட்டம் எனப்படும். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி மரப் பாதுகாப்பு ஆணை பற்றிய தனிப்பகுதி இதில் சேர்க்கப்பட்டது. இதன்படி இருவகைக் காவல் கிடைக்கிறது.

முதலாவது, குறிப்பிட்ட ஒரு மரத்தையோ மரத்தொகுதியையோ ஊராட்சி மன்றம் ஆணை பிறப்பித்துக் காப்பது. இரண்டாவது, அவ்வாறு ஆணை இல்லாத மரத்திற்கும் பொதுவாகக் கிடைக்கும் காவல். 35எச் பிரிவின்படி, 0.8 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுடைய மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துவழி இசைவின்றி எவரும் வெட்டுதல் கூடாது. பட்டுப்போன அல்லது பட்டுக்கொண்டிருக்கும் மரமும், உடனடி இடரைத் தவிர்க்க வெட்ட வேண்டிய மரமும் விலக்குப் பெறும். மரம் தம் நிலத்தில் நிற்கிறது என்பதாலேயே அதனை விருப்பம்போல் வெட்டும் உரிமை உரிமையாளருக்குக் கிடைத்துவிடாது என்பதே இப்பிரிவின் உட்பொருள். இது பலரும் அறியாத செய்தியாகும். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்திற்கு 1982ஆம் ஆண்டின் தனித் திட்டமிடல் சட்டம் உண்டு.

சிங்கப்பூரில் 1991ஆம் ஆண்டில் இரண்டு மரப் பாதுகாப்பு வட்டாரங்கள் வரையறுக்கப்பட்டன. ஒன்று தீவின் நடுப்பகுதியையும் தென்பகுதியையும் சார்ந்தது. மற்றொன்று சாங்கியைச் சார்ந்தது. இன்று நடப்பிலுள்ள பூங்கா, மரச் சட்டம் 2005ஆம் ஆண்டினது. அவ்விரு வட்டாரங்களிலும் காலி நிலங்களிலும் 1 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுடைய மரத்தை இசைவின்றி வெட்டுதல் குற்றமாகும். 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மரபுடைமை மரத் திட்டம், தனிச்சிறப்புடைய மரங்களைப் பெயர் சுட்டிப் பதிவு செய்கிறது. அதே ஆண்டில் தொடங்கிய மரபுடைமைச் சாலைத் திட்டத்தின்வழி, மண்டாய் சாலை, லிம் சூ காங் சாலை உள்ளிட்ட ஐந்து சாலைகளின் இருமருங்கு மரங்களும் சாலைக்காட்சியாகவே காக்கப்படுகின்றன.

இரு நாட்டுச் சட்டங்களும் சுற்றளவையே அளவுகோலாகக் கொண்டிருப்பது கவனத்திற்குரியது. 0.8 மீட்டர் சுற்றளவு என்பது ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் விட்டம். 1 மீட்டர் என்பது ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் விட்டம். நூலும் அளவுகோலும் இருந்தால் எவரும் அளந்தறியலாம் என்பது இதன் நன்மை. விரைந்து வளரும் எளிய மரத்திற்குச் சில ஆண்டுகளிலேயே காவல் கிடைக்க, மெல்ல வளரும் அரிய மரம் பல்லாண்டுகள் காவலின்றி நிற்கும் என்பது இதன் குறை.

சட்டத்தின் எல்லை: சாங்கி காட்டும் சான்று

சட்டம் இருந்தும் மரம் வீழ்ந்ததற்கு, 2002ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சாங்கியில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் காட்டலாம். ஹால்டன் சாலையில் நின்ற, நூற்றாண்டு கடந்த 'ஹோப்பியா சங்கால்' என்னும் மரம் இசைவின்றி வெட்டப்பட்டது. அவ்வினம் சிங்கப்பூரில் அற்றுப்போய்விட்டதாகக் கருதப்பட்டு வந்தது என்பதே இந்நிகழ்வின் துயரத்தை மிகுவிக்கிறது. மலாய் மொழியில் செங்கால் என வழங்கும் இம்மர வகையின் பெயரிலிருந்தே சாங்கி என்னும் ஊர்ப்பெயர் வந்தது என்பாரும் உளர். மரம் நின்ற இடம் மரப் பாதுகாப்பு வட்டாரத்திற்கு உட்பட்டது. வெட்டுவதற்குப் பொறுப்பான நிறுவனத்திற்குப் பின்னர் அபராதம் விதிக்கப்பட்டது. வீழ்ந்த மரத்தின் விதைகள் சேகரிக்கப்பட்டுக் கன்றுகளாக வளர்க்கப்பட்டன.

இந்நிகழ்வில் சட்டம் தன் கடமையைச் செய்தது எனலாம். எனினும் அது செயற்பட்டது மரம் வீழ்ந்த பின்னரே. அங்கு இல்லாதிருந்தது தண்டனை அன்று. அம்மரம் இன்னது என்னும் அறிவு உரிய நேரத்தில் உரியவரைச் சென்றடையவில்லை. மரத்தின் பெயர், வயது, அளவு, நிலை ஆகியவற்றைக் கொண்ட பதிவேடு ஒன்று குடியிருப்பின் பொதுவுடைமையாக இருப்பின், வெட்டும் முன் ஒருவரேனும் கேள்வி எழுப்புவர். 2018ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் 500,000க்கும் மேற்பட்ட மரங்களைக் காட்டும் இணைய வரைபடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது இத்தேவையை நிறைவுசெய்யும் முயற்சி எனலாம்.

பேணுதலின் நெறிகள்

பேணுதல் பணிகளுள் முதன்மையானது கிளை வெட்டுதலாகும். தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் 'கவாத்து' என்னும் சொல்லே இதற்கு உரிய தமிழ்ச்சொல். ஆயினும், தேயிலைச் செடிக்குச் செய்யும் கவாத்தையும் நிழல் மரத்திற்குச் செய்யும் கவாத்தையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. தேயிலையில் இளந்தளிர் மிகுதியாகத் துளிர்க்க வேண்டும் என்பதற்காகவே மேற்பகுதி முழுதும் வெட்டப்படுகிறது. நிழல் மரத்தின் தலையை அவ்வாறு மொட்டையடித்தால், வெட்டிய இடத்தைச் சுற்றி அதே போன்று பல துளிர்கள் எழும். அத்துளிர்கள் பருத்துக் கிளைகளாகும்போது மரத்தின் உட்பகுதியோடு உறுதியாகப் பிணைந்திருப்பதில்லை. மேலோட்டமாக ஒட்டியே நிற்கின்றன. வெட்டுவாயின் வழியே நீரும் பூஞ்சையும் உட்புகுகின்றன. பாதுகாப்புக்காக மொட்டையடிக்கப்பட்ட மரமே சில ஆண்டுகளில் முன்னினும் இடர் மிக்கதாக மாறும் முரண் இவ்வாறு ஏற்படுகிறது.

மரத்தின் காயம் மனித உடலின் காயம்போல் ஆறுவதில்லை என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் விளக்கினார். கெட்ட திசுவை மரம் புதுப்பிப்பதில்லை. அதனைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைத்துவிட்டு, புறத்தே புதிய திசுவை வளர்க்கிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் பருத்துத் தோன்றும் கழுத்துப்பகுதியில் இச்சுவர் எழுப்பும் ஆற்றல் மிகுதி. ஆகவே, அக்கழுத்தைச் சிதைக்காமல், அதனை ஒட்டி வெட்டுவதே முறையான கவாத்து. அடிமரத்தோடு வழித்து வெட்டுவதும், நீண்ட குச்சியை விட்டு வெட்டுவதும் தவறானவை.

இவ்வுண்மையின் ஒரு கூற்றை நம் முன்னோர் தம் தொழில்வழி அறிந்திருந்தனர். பால்மரம் சீவிய தொழிலாளி, பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர். உளி பட்டையோடு நின்றால் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்ந்து மீண்டும் சீவ இயலும். கட்டைவரை இறங்கிவிட்டால் அவ்விடம் கரடுதட்டிப் பின்னர்ச் சீவுவதற்கு உதவாது. மரம் வாழ்வது அதன் பட்டைக்கும் கட்டைக்கும் இடைப்பட்ட மெல்லிய படலத்தினால்தான் என்பதே இதன் அறிவியல் விளக்கம்.

தொல்காப்பியம் சுட்டும் புறக்காழும் அகக்காழும் இங்கு நினைவுகூரத்தக்கன. அகக்காழ் மரங்களின் உள்வைரம் உயிரற்ற திசு. மரத்தைத் தாங்கும் தூணாக மட்டும் அது நிற்கிறது. நீரும் உணவும் செல்வது புறப்பகுதியில். ஆகவே, உள்ளே முற்றிலும் உளுத்த மரமும் தலை நிறையப் பச்சிலை தாங்கி நிற்கக்கூடும். பச்சிலையைக் கண்டு மரம் உறுதியானது என்று முடிவு செய்வது பிழையாகும். இதற்கு மாறாக, புறக்காழ் இனமான தென்னை, பாக்கு முதலியவற்றில் காயத்தை மூடிப் புதிதாகப் பருக்கும் படலம் இல்லை. சாலையோரப் பனை வகைகளில் ஏறுவதற்காக ஆணியடிப்பதும் அடிமரத்தைச் செதுக்குவதும் நிலையான வடுக்களாகவே எஞ்சும்.

கோயில் மரங்களைப் பற்றியும் இங்குச் சொல்ல வேண்டும். தோட்டப்புறங்களில் அரசு, வேம்பு முதலிய மரங்களின் அடியில் தோன்றிய சிறு கோயில்கள் பல, இன்று தாமான்களின் நடுவே நிற்கின்றன. மரத்தை வழிபடும் இடத்திலும் பேணுதல் குறைவுபடுவதுண்டு. அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு மேடை கட்டினால் வேருக்குக் காற்றும் நீரும் தடைப்படும். அடிமரம் பருக்கும்போது மேடையின் விளிம்பு பட்டையை அழுத்தும். மரத்தடியில் இடைவிடாது கற்பூரமும் விளக்கும் ஏற்றினால் வெப்பத்தால் பட்டை கருகி, அவ்வழியே உளுத்தல் தொடங்கும். அடிமரத்தைச் சுற்றி மண் திறந்திருக்க இடம்விட்டு மேடை அமைப்பதும், விளக்கேற்றும் இடத்தைச் சற்றே தள்ளி வைப்பதும் வழிபாட்டிற்கு எவ்வகையிலும் குறைவு செய்யமாட்டா.

அச்சமும் அளவீடும்

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகக் கருதப்பட்ட ஒரு தெம்பூசு மரம் வேரோடு சாய்ந்ததில், இந்தியாவைச் சேர்ந்த ஒரு பெண் உயிரிழந்தார். அது மரபுடைமை மரமாகப் பதிவு பெற்றது. முறையான சோதனைக்கும் உட்பட்டு வந்தது. 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், கோலாலம்பூரின் சுல்தான் இஸ்மாயில் சாலையில் முதிர்ந்த மரம் ஒன்று சாய்ந்து, வாகனத்தில் இருந்த ஒருவர் உயிரிழந்தார். பல வாகனங்கள் நசுங்கின. இத்தகைய நிகழ்வுகளைத் தொடர்ந்து, முதிர்ந்த மரங்களையெல்லாம் அகற்றிவிடலாம் என்னும் எண்ணம் மக்களிடையே எழுவது இயல்பே. உயிரிழந்தவரின் குடும்பத்தை எண்ணும்போது அவ்வெண்ணத்தை எளிதில் புறந்தள்ள இயலாது.

ஆயினும், வயது மட்டுமே இடரின் அளவுகோல் ஆகாது. இடர் என்பது மூன்று கூறுகளால் ஆனது: மரமோ கிளையோ முறியும் வாய்ப்பு, முறிந்தால் அதன் பருமன், அது விழும் இடத்தில் மக்கள் இருக்கும் வாய்ப்பு. ஆளரவமற்ற சரிவில் நிற்கும் உளுத்த மரத்தைக் காட்டிலும், பள்ளி வாயிலில் நிற்கும் சிறு குறையுடைய மரம் முன்னதாகக் கவனிக்கப்பட வேண்டியதாகலாம். பயிற்சி பெற்றவர் முதலில் கண்ணால் நோக்குவர்: அடிமரத்தில் காளான், பட்டையில் பிளவு, வேர்ப்பகுதியில் மண் வெடிப்பு, திடீரென ஏற்பட்ட சாய்வு ஆகியன எச்சரிக்கைக் குறிகள். ஐயம் எழுந்தால், ஒலியலைகளை உட்செலுத்தி உள்வெற்றிடத்தை வரைந்து காட்டும் கருவியும், மெல்லிய ஊசியைத் துளைத்து மரத்தின் எதிர்ப்பாற்றலை அளக்கும் கருவியும் பயன்படும். அதன் பின்னரே கிளையைக் குறைப்பதா, தாங்குகால் கொடுப்பதா, மரத்தடியில் மக்கள் நடமாட்டத்தை விலக்குவதா, மரத்தையே அகற்றுவதா என்பது முடிவு செய்யப்பட வேண்டும்.

இம்முறை பயன் தருவதைச் சிங்கப்பூரின் பட்டறிவு காட்டுகிறது. 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 என்ற அளவில் இருந்த மரமுறிவு நிகழ்வுகள், 2020களின் தொடக்கத்தில் 500க்கும் கீழே குறைந்தன. மரங்களை வெட்டிக் குறைத்ததால் கிட்டிய பயன் அன்று இது. ஒழுங்கான சோதனையாலும் கவாத்தாலும் கிட்டியது. அதே வேளையில், சோதிக்கப்பட்டு வந்த தெம்பூசு மரமும் வீழ்ந்தது என்பதை மறைக்கலாகாது. பேணுதல் இடரைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. மரத்தோடு வாழ விரும்பும் சமுதாயம் எந்த அளவு இடரை ஏற்றுக்கொள்ளும் என்பதைத் தானே கூடிப் பேசித் தெளிய வேண்டியுள்ளது.

குடியிருப்பாளர் குரலும் நீதியும்

மரத்தைக் காப்பதில் குடியிருப்பாளர்க்கு உள்ள உரிமையை உறுதிப்படுத்திய வழக்காகத் தாமான் ரிம்பா கியாரா வழக்கைக் கூறலாம். கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியை ஒட்டிய ஏறத்தாழ 25 ஏக்கர் பூங்காவின் ஒரு பகுதியில் உயரடுக்குக் குடியிருப்புகள் கட்ட இசைவு வழங்கப்பட்டது. அதனை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் 2017ஆம் ஆண்டில் நீதிமன்றத்தை நாடினர். 2018இல் உயர்நீதிமன்றம் அவர்களது கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. நகரின் கட்டமைப்புத் திட்டம் ஊராட்சியைக் கட்டுப்படுத்தும் தன்மையுடையது என்பதும், அத்தகைய இசைவை எதிர்த்து வழக்காடும் தகுதி குடியிருப்பாளர்க்கு உண்டு என்பதும் இவ்வழக்கால் தெளிவாயின.

இவ்வழக்கில் தமிழர்களாகிய நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய மற்றொரு பக்கமும் உண்டு. அந்நிலத்தின் ஓரத்தில் நீண்டவீடுகளில் வாழ்ந்து வந்தவர்களுள் புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் உள்ளன. 1980களின் தொடக்கத்தில் தோட்டம் அரசால் எடுத்துக்கொள்ளப்பட்டபோது அவர்கள் தற்காலிகமாகக் குடியமர்த்தப்பட்டனர். நிலையான வீட்டிற்கான காத்திருப்பு பல பத்தாண்டுகள் நீண்டது. எதிர்க்கப்பட்ட திட்டத்தில் அவர்களுக்கான அடுக்குமாடி வீடுகளும் அடங்கியிருந்தன. இதனால், மரத்தைக் காப்போர் ஏழையின் வீட்டைத் தடுப்போர் என்பதுபோன்ற தோற்றம் உண்டாக இடமேற்பட்டது. நீண்டவீடுகள் இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டித் தரலாம், அதற்காகப் பூங்காவை இழக்க வேண்டியதில்லை என்பது வழக்காடிய குடியிருப்பாளர்கள் முன்வைத்த நிலைப்பாடாகும்.

மரமா வீடா என்னும் வினாவே பெரும்பாலும் பிழையாக அமைக்கப்படுகிறது என்பதை இது உணர்த்துகிறது. நிழலும் பூங்காவும் வசதி படைத்தோரின் தாமானுக்கே உரியன என்னும் நிலை ஏற்பட்டால், மரக் காவல் என்பது ஒரு சாராரின் சலுகையாகக் குறுகிவிடும். குறைந்த விலை அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சூழ நிழல் மரங்கள் உள்ளனவா, அவற்றுக்குக் கவாத்து முறையாகச் செய்யப்படுகிறதா என்பதும் அதே தீவிரத்தோடு கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

கல்விக்கூடங்களின் பங்கு

மலேசியாவிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பல, தோட்ட நிலத்தில் தோன்றியவை. அவற்றின் வளாகங்களில் இன்றும் முதிர்ந்த மரங்கள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியிலும் மரப் பதிவேடு ஒன்றைத் தொடங்குவது ஆசிரியர்களால் எளிதில் இயலக்கூடியது. மாணவர்கள் நூலால் மரத்தின் சுற்றளவை அளந்து விட்டத்தைக் கணக்கிடலாம்; எந்தெந்த மரங்கள் 0.8 மீட்டரைக் கடந்து சட்டக் காவல் பெறுவன என்பதைக் கண்டறியலாம். ஆண்டுக்கொருமுறை அளந்து வளர்ச்சியைக் குறிக்கலாம். கணிதமும் அறிவியலும் மொழியும் ஒருங்கே பயிலப்படும் பாடமாக இது அமையும்.

மரத்தின் தமிழ்ப்பெயரை அறிவதும் இதன் பகுதியாகும். இலக்கிய வகுப்பில் வேங்கையைப் படிக்கும் மாணவர், பள்ளி வாயிலில் பூத்துக் கொட்டும் அங்சானா அதன் உறவுமரம் என்பதை அறியாதிருப்பது இழப்பே. கவாத்து, விழுது, பலகைவேர், வைரம், காழ் போன்ற சொற்கள் அகராதியில் மட்டுமின்றி மரத்தடியிலும் வழங்க வேண்டும். பெயர் அறிந்த மரத்திற்கு ஊறு நேரும்போது கேள்வி எழுப்புவது எளிதாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மரத்தைக் காக்கும் சட்டம் இரு நாடுகளிலும் உண்டு. ஆனால் அது வெட்டும் வேளையில் மட்டுமே செயற்படுகிறது. வேரை அறுக்கும் தோண்டுதலும், தலையை மொட்டையடிக்கும் கவாத்தும், ஒரே இனத்தை வரிசையாக நடும் வழக்கமும் சட்டத்தின் கண்ணில் படாமலே மரத்தை மெல்ல அழிக்கின்றன. மரத்தைப் பற்றிய அச்சத்தை வெட்டுவதன்வழியன்றி அளப்பதன்வழி எதிர்கொள்ள இயலும். குடியிருப்பாளரின் குரலுக்குச் சட்டத்தில் இடமுண்டு. அக்குரல் அண்டை வீட்டாரின் நலனையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும்.

இவற்றைச் செயற்படுத்தக் குடியிருப்பாளர் சங்கங்கள் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். தம் எல்லைக்குட்பட்ட மரங்களைப் பதிவேட்டில் ஏற்றி அதன் படியை ஊராட்சி மன்றத்திற்கு அளித்தல் முதலாவது. சாலை, சாக்கடை, குழாய்ப் பணிகள் தொடங்குமுன் மரவேர்களுக்கான ஏற்பாட்டைக் கேட்டறிதல் இரண்டாவது. கவாத்து நடைபெறும் நாளில் சங்கத்தின் சார்பில் ஒருவர் உடனிருந்து, எக்கிளை எதற்காக வெட்டப்படுகிறது என்பதைக் குறித்துவைத்தல் மூன்றாவது. இவை பெரும்பொருட்செலவு வேண்டாத பணிகள். தொடர்ந்து செய்யும் பொறுமை ஒன்றே இவற்றுக்கு வேண்டும். புன்னையைத் தங்கை என்று போற்றிய மரபின் வழிவந்தோர்க்கு அது அரிய செயல் அன்று.